ஏழாம் சுற்றுப் பையன் ஸ்டார் ஆவது எப்படி? ஹாக்கி மேனேஜருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாக்கி மேனேஜர் (ஓர் அணியின் மேலாளராக இருந்து ஆட்களை எடுத்து வளர்க்கும் கணினி விளையாட்டு) விளையாடுகிறவர்கள் கூடினால் கடைசியில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும். டிராஃப்ட்டின் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வு) கடைசிச் சுற்றில், எடுக்க யாரும் இல்லையே என்று கண்ணில் பட்ட ஒரு பெயரை கிளிக் செய்திருப்பார்கள். அப்புறம் அவனை மறந்தே போயிருப்பார்கள். ஐந்தாறு சீசன் கழித்துப் பார்த்தால் முதல் லைனில் நின்று 80 பாயின்ட் (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்துக்கொண்டிருப்பான். எப்படி என்று கேட்டால் "லக்குதான்" என்பார்கள்.

பாதிதான் லக்கு. ஒரு பையனுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை விளையாட்டுதான் தீர்மானிக்கிறது. உள்ளே இருப்பது வெளியே வருமா என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. பத்துப் பேரை எடுத்து, ஒன்பது பேரைத் தப்பான இடத்தில் வைத்து வீணாக்கிவிட்டு, தப்பிப் பிழைத்த பத்தாவது ஆளைப் பார்த்து வாய் பிளப்பதுதான் புதியவர்களின் வழக்கம். அந்த ஒன்பதில் இன்னும் ஒருவரையோ இருவரையோ காப்பாற்றும் வழி இது.

முதலில் இது எந்த ஹாக்கி

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் ஹாக்கி என்று சொன்னால் ஐசிஎஃப் மைதானமோ எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்து டர்ஃபோதான் ஞாபகத்துக்கு வரும். இந்த விளையாட்டுகள் ஐஸ் ஹாக்கியைப் பற்றியவை. களத்தில் ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். 20 நிமிடப் பகுதிகள் மூன்று. ஆட்டத்துக்கு 12 ஃபார்வர்டு, 6 டிஃபென்ஸ், 2 கோல்கீப்பர் என்று 20 பேரை இறக்கலாம். ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராக நான்கு லைன், டிஃபென்ஸ் இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி. ஒரு லைன் முக்கால் நிமிடம்போல ஆடிவிட்டு வெளியே வரும், அடுத்தது இறங்கும். முதல் லைன்காரனுக்கு ஒரு ஆட்டத்தில் 20 நிமிடம் கிடைத்தால் நான்காம் லைன்காரனுக்கு ஏழெட்டு நிமிடம்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கட்டுரையின் பாதி இதில்தான் நிற்கிறது.

விளையாட இரண்டு தேர்வுகள் உண்டு. ஈஸ்ட்சைடு ஹாக்கி மேனேஜர், ஃபுட்பால் மேனேஜர் செய்கிற ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்துடையது. 2015-இல் ஸ்டீமில் வந்தது. அதற்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் ரசிகர்கள் வீரர் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொன்று ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர், அவுட் ஆஃப் தி பார்க் டெவலப்மென்ட்ஸ் 2013 முதல் வெளியிடுவது. இதில் 1917-18 வரை பின்னால் போய், பழைய சீசன் ஒன்றிலிருந்தும் தொடங்கலாம். கீழே வரும் திரைப் பெயர்கள் முதலாவதிலிருந்து எடுத்தவை. யோசனை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கணினியும் சேவும்

கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. மேலிருந்து பார்க்கிற தட்டையான ஆட்டம்தான், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் எத்தனை லீக்கை ஓட்டுகிறீர்களோ அத்தனைக்கும் தினமும் கணக்குப் போட்டாக வேண்டும். மே மாதம் மொட்டைமாடிக்குக் கீழே ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து எல்லா லீக்கையும் டிக் செய்தால் லேப்டாப் சூடேறி வேகம் குறைந்துவிடும், ஒரு நாளை நகர்த்தவே நேரம் போகும். முதல் ஆட்டத்துக்கு என்எச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை லீக்), ஏஎச்எல் (அதற்கு அடுத்த நிலை, இளைஞர்கள் வளரும் இடம்), கனடாவின் மூன்று ஜூனியர் லீக்குகள் (ஓஎச்எல், டபிள்யூஎச்எல், கியூஎம்ஜேஎச்எல்), இவற்றோடு ஸ்வீடன் அல்லது பின்லாந்தில் ஒன்று. இது போதும். ஐரோப்பிய லீக் ஒன்றாவது ஏன் என்றால், ஓட்டாத லீக்கில் ஆடும் பையன்களுக்கு நம்பத் தகுந்த புள்ளிவிவரம் கிடைக்காது. கடைசிச் சுற்றில் தேடுகிறவருக்குப் புள்ளிவிவரம்தான் கண்.

சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்தக் கோப்பு கெட்டுப்போகும். பேட்டரி செத்த லேப்டாப்பில் இது நிச்சயம் ஒருநாள் நடக்கும். ஒரே பெயரில் மேலே மேலே சேவ் செய்யாமல் மூன்று பெயர்களில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். டிராஃப்ட் நாளுக்கு முன் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிடிக்காத பையன் வந்தால் திரும்பிப் போவதற்காக இல்லை.

தொடங்கும்போது வீரர்களின் திறன் எண்களை மறைக்கும் ஆட்ரிபியூட் மாஸ்கிங் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா எண்ணும் பளிச்சென்று தெரிந்தால் எதிர்பாராதது என்று எதுவுமே நடக்காது. எடிட்டரைத் திறந்து மறைந்திருக்கும் எண்ணைப் பார்ப்பதும் அப்படித்தான். தடுக்க ஆள் இல்லை. ஆனால் பார்த்த பிறகு ஸ்கவுட் (வீரர்களைப் போய்ப் பார்த்து அறிக்கை தருபவர்) வேலைக்கு அர்த்தம் கிடையாது.

உள்ளே ஓடும் கணக்கு

ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு மறைந்த எண்கள் உண்டு, இரண்டுமே 200-க்கு. ஒன்று இப்போதைய திறன், மற்றது உச்சத் திறன். இப்போதைய திறன் ஏறும், இறங்கும். ஆனால் உச்சத் திறனைத் தாண்டவே தாண்டாது. திரையில் நீங்கள் பார்க்கும் 1 முதல் 20 வரையான எண்கள் இப்போதைய திறனின் வெளிமுகம்.

தரவுத் தளத்தில் இருக்கும் இளைஞர்கள் பலருக்கு உச்சத் திறன் ஒரே எண்ணாக இருக்காது, ஒரு வீச்சாகக் குறித்திருப்பார்கள். புது ஆட்டம் தொடங்கும்போதுதான் அந்த வீச்சுக்குள் ஒரு எண் விழும். அதனால்தான் தண்டையார்பேட்டையில் ஒருவர் ஆட்டத்தில் கோப்பை வென்று கொடுத்த பையன், ராயபுரத்தில் இன்னொருவர் ஆட்டத்தில் ஏஎச்எல்லைத் தாண்ட மாட்டான். அடுத்தவர் சொன்ன பெயரை அப்படியே எடுப்பது இதனால் வீண்.

இவை போக, திரைக்கே வராத குணங்கள் உண்டு. தொழில் ஒழுக்கம், லட்சியம், நிலையாக ஆடும் தன்மை, காயம்படும் வாய்ப்பு, பெரிய ஆட்டங்களில் தாங்குவது. ஒரே உச்சத் திறன் உள்ள இருவரில் ஒருவன் உச்சத்தைத் தொடுவதும் மற்றவன் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இவற்றால்தான். இவற்றை எண்ணாகப் பார்க்க முடியாது. ஸ்கவுட் அறிக்கையின் வாக்கியங்களில் ஆங்காங்கே சாடை தெரியும். ஸ்கவுட் போட்ட நட்சத்திர மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையைப் படிக்காமல் மூடுகிறவர்கள்தான் அதிகம்.

நிஜத்தில் தப்பியவர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள்

இந்த விளையாட்டுகள் நிஜ என்எச்எல் மாதிரி நடக்க முயல்பவை. அங்கே யார் யார் கண்ணுக்குத் தப்பினார்கள் என்று தெரிந்தால் இங்கே எங்கே தேடுவது என்று புரியும்.

பாவெல் டட்சியூக்கை டெட்ராய்ட் 1998-இல் 171-ஆவதாக எடுத்தது. அதற்கு முன் இரண்டு டிராஃப்ட்டுகளில் அவரை எல்லா அணிகளும் கடந்து போயிருந்தன. உடம்பு சிறியது, ஆடியது மாஸ்கோவுக்கு வெகு தூரத்தில் யெகாதெரின்பர்க்கில். அடுத்த ஆண்டே அதே அணி ஹென்ரிக் செட்டர்பெர்க்கை 210-ஆவதாக எடுத்தது. இருவரும் சேர்ந்து 2008-இல் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். விளையாட்டில் இதற்குப் பொருள், முதல் முறை யாரும் எடுக்காத 19, 20 வயது ஐரோப்பியர்களைப் பட்டியலில் மறுபடியும் தேடுங்கள் என்பது. கணினி அணிகளும் 18 வயதுப் புதுமுகங்களையே துரத்தும்.

மார்ட்டின் செயின்ட் லூயியை டிராஃப்ட்டில் யாருமே எடுக்கவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆடினார், உயரம் 5 அடி 8 அங்குலம். கால்கரி கைவிட்ட பிறகு டாம்பா பே அணிக்கு வந்தார். 2004-இல் அதிகப் பாயின்ட், சிறந்த வீரர் விருது, ஸ்டான்லி கோப்பை மூன்றும் ஒரே சீசனில். அப்போது வயது 28. பிறகு 37 வயதில், 2013-இல், மறுபடி அதிகப் பாயின்ட் எடுத்தார். ஆர்டெமி பனாரினையும் யாரும் எடுக்கவில்லை. ரஷ்யாவிலிருந்து 2015-இல் சிகாகோவுக்கு வந்து 2016-இல் சிறந்த புதுமுகம் ஆனார். ஆக, டிராஃப்ட் முடிந்தால் தேடல் முடிந்தது என்று இல்லை.

கோல்கீப்பர்கள் கதை இன்னும் விசித்திரம். டொமினிக் ஹாசெக் 1983-இல் 199, டிம் தாமஸ் 1994-இல் 217, ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000-இல் 205, பெக்கா ரின்னே 2004-இல் 258, கானர் ஹெல்லபக் 2012-இல் 130. ஐந்து பேருமே சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை வாங்கினார்கள். இப்போதைய டிராஃப்ட் 7 சுற்று, 32 அணி, மொத்தம் 224 தேர்வுதான். 258 என்ற எண்ணே கிடையாது. தாமஸ் என்எச்எல்லில் நிலையாக ஆடத் தொடங்கியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கோல்கீப்பரை 18 வயதில் கணிக்க நிஜ ஸ்கவுட்டுக்கே முடிவதில்லை, விளையாட்டின் ஸ்கவுட்டுக்கும் முடியாது. அதனால் முதல் சுற்றில் கோல்கீப்பர் எடுக்காதீர்கள், கடைசி இரண்டு சுற்றில் வருஷம் தவறாமல் ஒருவரை எடுங்கள்.

ஸ்கவுட் வேலை

ஸ்கவுட்டுகளுக்கு இரண்டு எண்கள் முக்கியம்: இப்போதைய திறனைக் கணிப்பது, வருங்காலத் திறனைக் கணிப்பது. டிராஃப்ட் வேலைக்கு இரண்டாவது 15-க்கு மேல் உள்ளவர் வேண்டும். முதல் எண் மட்டும் உயர்ந்தவரை என்எச்எல், ஏஎச்எல் பார்க்க அனுப்புங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டு "என் ஸ்கவுட் சொல்வது எதுவும் நடக்கவில்லை" என்று புலம்புவது வழக்கமான தப்பு.

சீசன் தொடக்கத்தில் ஒருவரை ஒரு லீக்குக்குப் பொறுப்பாக அனுப்புங்கள். இங்கே இரண்டு வாரம் அங்கே இரண்டு வாரம் என்று அலைய விடாதீர்கள். ஒரு பையனை ஒரே தடவை பார்த்த அறிக்கைக்கு மதிப்புக் குறைவு. ஜனவரியில் உங்கள் பட்டியலில் 60 பேர் இருக்கட்டும். பிப்ரவரி, மார்ச்சில் அதில் மேலே உள்ள 15 பேரை விட்டுவிடுங்கள், அவர்களை எல்லாரும் பார்ப்பார்கள். டிராஃப்ட்டில் 60-ஆவது இடம் முதல் 200-ஆவது இடம் வரை எங்கே வேண்டுமானாலும் போகக்கூடியவர்களை இன்னொரு ஸ்கவுட்டை வைத்து மறுபடி பாருங்கள். இருவர் கருத்தும் ஒத்துப்போனால் அது சுமாரான பையன். ஒருவர் தூக்கி வைத்து, மற்றவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கோடு போடுங்கள். ஐந்தாம் சுற்றுக்கு மேல் உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரி ஆள்தான். சுமாரானவன் சரியாக வளர்ந்தாலும் நான்காம் லைனோடு நின்றுவிடுவான்.

எந்த எண்ணைப் பார்ப்பது, எதை விடுவது

18 வயதுப் பையனிடம் ஸ்ட்ரெங்த், பேலன்ஸ் 7, 8 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், உடம்பு பிறகு ஏறும். பொசிஷனிங், செக்கிங் போன்றவையும் ஆட ஆட ஏறக்கூடியவை. ஆனால் ஆக்சிலரேஷன், ஸ்பீடு, அஜிலிட்டி மூன்றும் 10-க்குக் கீழே இருந்தால் நாங்கள் எடுக்க மாட்டோம், கைத்திறன் எவ்வளவு இருந்தாலும். சறுக்க முடியாதவன் ஏஎச்எல்லில் கோல் அடித்துவிட்டு மேலே வந்ததும் காணாமல் போவான்.

கடைசிச் சுற்றுக்கு நாங்கள் வைத்திருக்கும் வடிகட்டி இது: டிட்டர்மினேஷன் 15-க்கு மேல், வொர்க் ரேட் 13-க்கு மேல், ஆன்டிசிபேஷனோ கிரியேட்டிவிட்டியோ ஒன்றாவது 13. இதில் நிற்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அவர்களில் ஸ்டிக்ஹேண்ட்லிங், பாஸிங், ரிஸ்ட்ஷாட் மூன்றில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு நிற்பவனை எடுங்கள். எல்லாம் 10 என்று சமமாக இருப்பவன் பார்க்க ஒழுங்காக இருப்பான், ஆனால் அவனால் எந்த லைனுக்கும் லாபம் இல்லை. கோல்கீப்பருக்கு ரிஃப்ளெக்ஸஸ், அஜிலிட்டி இரண்டையும் பாருங்கள், பொசிஷனிங்கை விட்டுவிடலாம்.

புள்ளிவிவரத்தில் வயதைக் கவனியுங்கள். கனடிய ஜூனியர் லீக்கில் 17 வயதில் ஆட்டத்துக்கு ஒரு பாயின்ட் எடுப்பவன் வேறு, 20 வயதில் அதே ஒரு பாயின்ட் எடுப்பவன் வேறு. இருபது வயதுக்காரன் தன்னைவிடச் சின்னப் பையன்களோடு ஆடுகிறான், அவனிடம் ஒன்றரைக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். ஸ்வீடன், பின்லாந்தின் மேல்மட்ட லீக்கில் 18 வயதில் பெரியவர்களோடு ஆடி 50 ஆட்டத்தில் 10 பாயின்ட் மட்டும் எடுத்திருந்தாலும் அது நல்ல குறி. அந்த வயதில் அங்கே இடம் கிடைப்பதே பெரிது. பாயின்ட் வரிசைப்படி மட்டும் பட்டியலை அடுக்கினால் இவர்கள் அடியில் கிடப்பார்கள்.

டிராஃப்ட் நாள்

ஏழு தேர்வுகளையும் ஒரே மாதிரி செலவழிக்காதீர்கள். முதல் இரண்டு சுற்றில் ஸ்கவுட்டுகள் ஒத்துக்கொண்டவரை எடுங்கள், அங்கே துணிச்சல் காட்டுவதில் லாபம் இல்லை. மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து நான்காம் சுற்றில் ஒன்று, ஐந்தாம் சுற்றில் ஒன்று என்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். கணினி அணிகள் இதற்கு ஓரளவு எளிதாக ஒத்துக்கொள்ளும். நான்கிலிருந்து ஏழு வரை கையில் ஐந்தாறு தேர்வுகள் இருக்கட்டும்: ஒரு கோல்கீப்பர், முந்தைய ஆண்டு யாரும் எடுக்காத ஒரு ஐரோப்பியர், குள்ளமான வேகக்காரர் ஒருவர், மீதி இடம் மேலே சொன்ன கோடு போட்ட பெயர்களுக்கு.

காசிமேட்டில் ஏலம் முடிகிற நேரத்தில் மிச்சமிருக்கும் கூடையிலும் நல்ல மீன் இருக்கும், ஆனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஆறாம் சுற்றில் "நல்ல உயரம்" என்ற ஒரே காரணத்துக்காக ஆறடி நான்கு அங்குல டிஃபென்ஸ்காரரை எடுப்பது பார்க்காமல் வாங்குவதுதான்.

டிராஃப்ட் முடிந்த அன்றே எடுக்கப்படாதவர்கள் பட்டியலைத் திறங்கள். வயது 20-ஐ ஒட்டியவர்களை வடிகட்டிப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் கல்லூரி முடித்து வெளியே வருபவர்களையும், ஐரோப்பிய லீக்குகள் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்பவர்களையும் இன்னொரு முறை. இவர்களுக்குத் தேர்வு செலவில்லை, ஒப்பந்த இடம் ஒன்றுதான் செலவு. மொத்தம் 50 ஒப்பந்தம்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால் 45-ஐத் தாண்டாமல் எப்போதும் இடம் விட்டு வையுங்கள்.

வளர்ப்பு: கதை கெடுவது இங்கேதான்

18, 19 வயதில் பையன் ஜூனியரிலோ சொந்த நாட்டு லீக்கிலோ இருக்கட்டும். விளையாட்டுடன் வந்த பழைய விதிப்படி, கனடிய ஜூனியரிலிருந்து எடுத்தவனை 20 வயதுக்கு முன் ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது. என்எச்எல்லில் வைக்க வேண்டும், இல்லை திருப்பி அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு என்எச்எல்லில் நிறுத்துகிறவர்கள் அவனை நான்காம் லைனில் ஏழு நிமிடத்துக்கு ஆட விடுவார்கள், இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை உட்காரவும் வைப்பார்கள். ஒரு வருஷம் முழுக்க எண்கள் நகராது. பையன் சரியில்லை என்று அவனை விற்பார்கள். வாங்கிய அணியில் அவன் ஸ்டார் ஆவான்.

ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம். 18, 19 வயதில் கையெழுத்துப் போட்டவன் அந்த சீசனில் 10 என்எச்எல் ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு தேயாது, தள்ளிப்போகும். ஒன்பது ஆட்டம் ஆட விட்டுப் பார்க்கலாம். பத்தாவது ஆட்டத்துக்குப் பெயர் எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

கையெழுத்தே வாங்காமல் மறந்துபோவது இன்னொரு வழக்கமான விபத்து. விளையாட்டில் உள்ள பழைய விதிப்படி, கனடிய ஜூனியர் வீரரை எடுத்தால் இரண்டு ஆண்டுக்குள், ஜூன் 1-க்கு முன், ஒப்பந்தம் செய்ய வேண்டும். கல்லூரி, ஐரோப்பிய வீரர்களுக்கு இதைவிட நீண்ட அவகாசம், பொதுவாக நான்கு ஆண்டு. மே மாதத் தொடக்கத்தில் உரிமைப் பட்டியலைத் திறந்து யார் கெடு முடிகிறது என்று பார்ப்பதை வருஷா வருஷம் வழக்கமாக்குங்கள். ஏழாம் சுற்றுப் பையன்கள்தான் இதில் அதிகம் தவறிப் போகிறவர்கள், பெயர் ஞாபகம் இல்லாததால்.

20 வயதில் ஏஎச்எல். இங்கே அவனுக்கு முதல் அல்லது இரண்டாம் லைன், பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் நேரம்) இடம். ஏஎச்எல் அணியை உதவிப் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டால் அனுபவஸ்தர்களைத்தான் மேலே போடுவார்கள், 29 வயதுக்காரன் 20 நிமிடம் ஆடுவான், உங்கள் பையன் ஓரத்தில் இருப்பான். மாதம் ஒருமுறை அங்கே போய் லைன்களைப் பாருங்கள். ஏஎச்எல் கோப்பை வெல்வது உங்கள் வேலை இல்லை என்பதை மனதில் நிறுத்தினால், அங்கே முப்பதைத் தொட்டவர்களை இரண்டு மூன்று பேருக்கு மேல் வைக்க மாட்டீர்கள்.

கோல்கீப்பருக்கு ஆட்டத்தில் ஒரே ஓர் இடம்தான். இரண்டு நல்ல இளைஞர்களை ஒரே ஏஎச்எல் அணியில் வைத்தால் இருவருமே அரைகுறையாக வளர்வார்கள். ஒருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆட்டமாவது கிடைக்க வேண்டும். இன்னொருவரை ஐரோப்பாவிலேயே ஒரு வருஷம் விட்டு வையுங்கள், அல்லது கீழ் லீக்குக்கு அனுப்புங்கள். இருவரையும் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். கோல்கீப்பர் 23 வயதில் ஏஎச்எல்லில்தான் இருக்கிறான் என்றால் தோற்றுவிட்டான் என்று பொருள் இல்லை. ஜோர்டன் பின்னிங்டன் 2011-இல் 88-ஆவதாக எடுக்கப்பட்டு, 2019 ஜனவரியில் 25 வயதில்தான் என்எச்எல்லில் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார். அவருடைய அணியான செயின்ட் லூயிஸ் அந்த மாதத் தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. ஜூனில் கோப்பையை வென்றது.

மேலே கொண்டுவரும்போது நான்காம் லைன் வேண்டாம். மூன்றாம் லைனில், நன்றாகப் பாஸ் கொடுக்கும் ஒருவர் பக்கத்தில், இரண்டாம் பவர் பிளே அணியிலும் பெயர் போட்டு இறக்குங்கள். ஒரு ஆட்டத்துக்கு 12 நிமிடத்துக்குக் குறைகிறது என்றால் ஏஎச்எல்லுக்குத் திருப்பி அனுப்புவதே அவனுக்கு நல்லது. ஆனால் இதிலும் கெடு உண்டு. 18 வயதில் கையெழுத்திட்ட ஸ்கேட்டருக்கு (கோல்கீப்பர் அல்லாத வீரருக்கு) ஐந்து ஆண்டோ 160 என்எச்எல் ஆட்டமோ, எது முதலில் வருகிறதோ அது முடிந்ததும் வேவர்ஸ் விதி வந்துவிடும். அதற்குப் பிறகு கீழே அனுப்பினால் வேறு அணி சும்மாவே தூக்கிக்கொண்டு போகலாம். நான்கு வருஷம் வளர்த்து ஐந்தாம் வருஷம் அக்டோபரில் இப்படி இலவசமாகக் கொடுத்தவர்கள் நிறைய. வேவர்ஸ் விலக்கு முடியும் ஆண்டை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு நோட்டில் எழுதி வைப்பது அதிகப்படியான வேலை இல்லை.

பொய்யான வெற்றிக் கதை

திடீரென்று ஒருவன் 30 கோல் அடித்தான் என்றால் உடனே ஏழு வருஷ ஒப்பந்தம் கொடுக்காதீர்கள். எத்தனை ஷாட்டில் அடித்தான் என்று பாருங்கள். 130 ஷாட்டில் 30 கோல் என்றால் 23 சதவீதம். என்எச்எல்லில் பொதுவாக பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் போகும், நல்ல ஷூட்டருக்கு 14, 15 சதவீதம் வரலாம். 23 நிலைக்காது. அதே பையன் அடுத்த சீசன் அதே 130 ஷாட்டில் 14, 15 கோல் அடிப்பான். மாறாக 240 ஷாட்டில் 24 கோல் அடித்தவனை நம்பலாம், ஷாட் எண்ணிக்கை அவன் கையில் இருப்பது.

அடுத்து, பாயின்ட் எங்கிருந்து வந்தது என்பது. பவர் பிளேயில் பெரிய ஸ்டார் பக்கத்தில் நின்று எடுத்ததா, சாதாரண ஆட்டத்தில் எடுத்ததா? இரண்டு வாரம் வேறு லைனுக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோல்கீப்பரின் சேவ் விகிதம் (வந்த ஷாட்டில் தடுத்த பங்கு) 20, 25 ஆட்டத்தில் .935 என்று நின்றால் மகிழ்ச்சியாக இருங்கள், பேனாவை எடுக்காதீர்கள். இரண்டாம் சீசனிலும் .915-க்கு மேல் நின்றால் பேசலாம்.

சந்தேகம் வந்தால் திறன் எண்களைப் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள். பாயின்ட் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, எண்கள் நகரவே இல்லை என்றால் அவனை வாங்க ஆசைப்படும் அணிகள் இப்போதுதான் அதிகம் இருக்கும். விற்பதற்கு அதுவே நேரம்.

எப்போது கைவிடுவது

ஃபார்வர்டு 22 வயதில், டிஃபென்ஸ்காரர் 23 வயதில், தொடர்ந்து இரண்டு வருஷம் ஏஎச்எல்லில் நிறைய ஆடியும் எண்கள் அசையவில்லை என்றால் உச்சத் திறனை எட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். டிரேடில் கூடுதல் ஆளாகச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கோல்கீப்பருக்கு 25 வரை பொறுக்கலாம். பெரிய காயத்தால் ஒரு சீசன் போனவருக்கு இன்னும் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மற்ற அணிகள் இந்தக் கணக்கை இவ்வளவு பொறுமையாகப் போடுவதில்லை. ஜூன் கடைசியில் தங்கள் இளைஞர்களுக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் (உரிமையைத் தக்கவைக்கக் கொடுக்கும் ஒப்பந்த முன்மொழிவு) கொடுக்காமல் விட்டால் அவர்கள் ஜூலை 1-ஆம் தேதி யார் வேண்டுமானாலும் எடுக்கும் நிலைக்கு வந்துவிடுவார்கள். அன்று எல்லாரும் பெரிய பெயர்களுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது வயது 22 முதல் 24, டிட்டர்மினேஷன் 15-க்கு மேல் என்று வடிகட்டி வையுங்கள். போன சீசன் ஏஎச்எல்லில் காயத்தாலோ மூன்றாம் லைனில் கிடந்ததாலோ குறைவாக ஆடியவர்கள் மூன்று நான்கு பேர் எப்படியும் மாட்டுவார்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஒரு வருஷ ஒப்பந்தம் கொடுத்து, ஏஎச்எல்லில் முதல் லைனில் போட்டு, ஜனவரியில் போய்ப் பாருங்கள்.